உப்புத் தின்ற தகரம்

சுபஹ் தொழுதுவிட்டு நேராக வேன் பார்க்கப் போனோம். "இந்த இருட்டுக்குள்ள என்னத்தப் பார்க்கப் போறாய்?" என்று மச்சான் வழியெல்லாம் முணுமுணுத்தான். விடிகாலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். காரணம் பிறகு வரும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியைத் தாண்டி ஒரு வளவுக்குள் அந்த வெள்ளை டொல்பின் வேன் நின்றது. சொந்தக்காரக் காக்கா எங்களை முந்திவிட்டார். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "மணி மாதிரி இருக்கு" என்றான். நான் சட்டைப் பையிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றையும், வீட்டு விளக்குமாற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்த ஓர் ஈர்க்கிலையும் வெளியே எடுத்தேன். காக்காவின் முகம் கொஞ்சம் மாறியது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

வேனுக்குள் குடும்பம் நடத்துவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. பெருநாள் முடிந்த கையோடு வாடகைக்கு ஒரு வேனைப் பிடித்து, சோற்றுச் சட்டி, பன்பாய், தண்ணீர்க் கலன், பிள்ளைகள் எல்லாவற்றையும் அடைத்து, நுவரெலியாவுக்கோ ஜெய்லானிக்கோ அறுகம்பைக்கோ போவோம். ஆற்றோரம் கண்ட இடத்தில் அடுப்பு மூட்டுவோம். படுக்கை ஒன்றுதான் குறை. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் ஃபொக்ஸ்வாகன் வேனுக்குள் கழற்றி மாட்டக்கூடிய கட்டில், அலுமாரி, அடுப்பு மேசை எல்லாம் வைத்துக் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தது. கேம்பர் என்று உலகம் சொல்வது அதன் பேரப்பிள்ளைகளைத்தான். நாங்கள் தேடியதும் அப்படியொன்று: பாவித்த வேன், பின்னால் இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு, ஒரு மின்விசிறி.

பாவித்த வேன் என்றுதான் தேடவும் வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வேன்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு பூச்சு ஏறியது. இன்று சந்தையில் நிற்கும் பழைய டொல்பின்களில் எது பெயின்ட், எது தகரம் என்பதே முதல் கேள்வி.

டொல்பின் என்று நாங்கள் சொல்வது டொயோட்டா ஹயேஸின் 1989இல் வந்த தலைமுறை. 2004இல் வந்த அடுத்த தலைமுறையை அதன் மாதிரி எண்ணைக் கொண்டு கே.டி.எச். என்கிறோம். இரண்டுமே ஜப்பானியச் சட்டத்தின் குழந்தைகள். அங்கே 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம் என்ற எல்லைக்குள் அடங்கினால்தான் சிறிய வாகன வகுப்பு. அதனால் சாதாரண கே.டி.எச். 4,695 மில்லிமீற்றர் நீளம், 1,695 மில்லிமீற்றர் அகலம் என்று எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. சுவர்த் தடிப்பைக் கழித்தால் உள்ளே ஒன்றரை மீற்றர் சொச்சம்தான் அகலம். ஐரோப்பியர் தங்கள் அகல வேன்களில் குறுக்காகக் கட்டில் போடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கே போட்டால் ஐந்தரை அடி மனிதன் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் விடியும்வரை கிடக்க வேண்டும். நீளவாக்கில் 3 மீற்றர் கிடைக்கும். கட்டிலை அப்படியே போடலாம். இன்னொன்று, அவர்கள் வீதியின் வலப்பக்கம் ஓடுகிறவர்கள். அவர்களுடைய பக்கக் கதவு வலப்புறம், நம்முடையது இடப்புறம். தச்சரிடம் வெளிநாட்டு வரைபடத்தைக் கொடுக்கிறவர்கள் அதைக் கண்ணாடியில் காட்டிக் கொடுப்பது நல்லது.

உயரத்தில் ஃப்ளாட் ரூஃபா, ஹைரூஃபா என்ற தகராறு உண்டு. ஃப்ளாட் ரூஃபுக்குள் 1.32 மீற்றர், குந்தியிருக்கலாம், நிற்க முடியாது. நீட்டிய ஹைரூஃப் கே.டி.எச்.சில் 1.63 மீற்றர் வரும், உம்மா நிமிர்ந்து நிற்பா. விலையும் அப்படியே நிமிர்ந்து நிற்கும்.

அளவுக் கதை இவ்வளவு போதும். நான் காந்தத்தோடு போனதற்குக் காரணம் கடல்.

அலை கரையில் உடையும்போது நுரைக்குள் கோடிக்கணக்கான குமிழிகள். ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளைக் காற்றுக்குள் எறிகிறது. பெரிய துளி கரையிலேயே விழுந்துவிடும். சிறியது காற்றோடு ஊருக்குள் வரும். கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே உப்புப் படிவு மளமளவென்று குறைந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சில நூறு மீற்றருக்குள்தான் எங்கள் ஊரே கிடக்கிறது. பிரதான வீதியிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். மாரியில் வாடைக் காற்று நேராகக் கடலிலிருந்து வீசும் மாதங்களில் யன்னல் கம்பியை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று நம்மவர்கள் சொல்லும்போது குற்றம் செய்தவனைப் பற்றிச் சொல்கிறார்கள். இரசாயனத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. உப்புப் படிந்த தகரம் காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து துளியாகிவிடும். கடல் உப்பில் அதோடு மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கச்சான் காற்று தரையிலிருந்து சுடச்சுட வீசி, வாயும் உதடும் காயும் ஆடிமாத மத்தியானத்திலும் எங்கள் கரையில் சாரீரப்பதன் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். அதாவது மழையே படாமல் நிழலில் நிறுத்தி வைத்த வேனின் அடிவயிறும் பகலிரவாக ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலத்தில் நனைந்தபடியே இருக்கிறது. "வாகனம் ஓடவே இல்ல, சும்மா நின்றது" என்று தரகர் சொல்வதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஓடுகிற வேனின் அடியையாவது மழைத்தண்ணீர் கழுவும்.

இந்தப் படலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் எவன்ஸ் 1920களில் ஒரேயொரு துளியை வைத்துக் காட்டினார். பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீரை வைக்கிறோம். எங்கே துருப்பிடிக்கும்? காற்று நன்றாகப் படும் விளிம்பில் என்றுதான் யாரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. துளியின் ஓரத்தில் ஒட்சிசன் தாராளம், நடுவில் தட்டுப்பாடு. இந்த வித்தியாசமே தகட்டின் மேல் ஒரு குட்டிப் பற்றரியை உண்டாக்கிவிடுகிறது. நடுவிலுள்ள இரும்பு இலத்திரன்களை விட்டுக்கொடுத்துக் கரைகிறது. அந்த இலத்திரன்கள் தகட்டுக்குள்ளால் ஓரத்துக்கு ஓடி, அங்கே ஒட்சிசனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. கரைந்த இரும்பும் ஓரத்தில் உண்டானதும் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது. துருவைக் காண்பது ஓர் இடத்தில், குழி விழுவது இன்னோர் இடத்தில். உப்பின் வேலை அந்தத் தண்ணீரை நல்ல மின்கடத்தியாக்குவதும், இரும்பின் மேல் காப்பாக ஒரு படலம் உருவாகவிடாமல் குளோரைட்டு அயன்களால் அதைக் குலைப்பதும்.

வேன் பார்க்கிறவருக்கு இந்தத் துளியைவிடப் பெரிய பாடம் கிடையாது. காற்றுப் படாத, ஈரம் தங்குகிற ஒடுக்கங்களே அந்தத் துளியின் நடுப்பகுதி. முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில், ஸ்லைடிங் கதவு ஓடும் தண்டவாளத்துக்குள், சக்கர வளைவின் உள்மடிப்பில் ஒட்டிய சேற்றுக்குப் பின்னால், கூரையோரத் தண்ணீர்க் காலுக்குள், இரண்டு தகடுகள் ஒட்டுப்போட்டுச் சேரும் விளிம்புகளில் துரு வீடு கட்டும். பக்கத் தகரத்தின் நடுவே வெயில் பட்டுப் பளபளக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து "பொடி நல்லா இருக்கு" என்பது, துளியின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது. துருவுக்கு இன்னொரு குணம், தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பெயின்டைக் கீழிருந்து தள்ளும். குண்டூசித் தலையளவு கொப்புளம் ஒன்று தெரிந்தால் அதன் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தகரம் போயிருக்கலாம்.

கொப்புளத்தை மறைக்கத்தான் டிங்கர் பாஸ்மார் இருக்கிறார்கள். உண்மையான பாஸ் அழுகிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டுவார். அவசரக்காரர் சுரண்டிவிட்டுக் கட்டலோய் அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடிப்பார். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். காந்தத்துக்கு ஒன்றல்ல. கட்டலோய் பிளாஸ்டிக் பசை. காந்தவிசையோ தூரத்தோடு மிக வேகமாகத் தேய்ந்துவிடும் விசை. காந்தத்துக்கும் தகரத்துக்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றர் பசை வந்தாலே பிடி தளர்ந்து சறுக்கும். இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தத்தோடு போகிறார்கள். அது கட்டலோயைத் தாண்டியும் கவ்விக்கொள்ளும், ஆளும் ஏமாந்து வருவார். வேண்டியது பலவீனமான காந்தம். ஃப்ரிட்ஜில் பிள்ளையின் நேரசூசியைப் பிடித்து வைத்திருக்கிறதே, அதுவே சரி. பெயின்ட் கீறாமல் ஒரு மெல்லிய துணியில் சுற்றி, மேலிருந்து கீழாக வருடிக்கொண்டே போக வேண்டும். விரல்மொட்டால் தட்டினாலும் தெரியும். தகரம் கணீரென்னும், பசை தொப்பென்னும்.

கீழே படுத்துப் பார்க்கும்போது அடிப்பாகம் புத்தம் புதுக் கறுப்பு அண்டர்கோட்டில் மினுங்கினால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. விற்பதற்கு முதல் வாரம் அடித்த அண்டர்கோட், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிய கதவு. நாகம் பூசிய தகரமாவது தன்னைப் பலிகொடுத்து இரும்பைக் காக்கும். நாகம் இரும்பைவிட இலகுவாக இலத்திரனை விடும் உலோகம் என்பதால் அது முதலில் கரைகிறது. 1824இல் ஹம்ஃப்ரி டேவி இதே உபாயத்தைப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளுக்குச் செய்து பார்த்தார். செம்பு அரிக்கவில்லை, ஆனால் செம்பு கரையாததால் அதன் நஞ்சும் நீரில் இறங்கவில்லை, சிப்பியும் பாசியும் வந்து அப்பிக் கப்பலின் வேகத்தைப் பிடித்துக்கொண்டன. எங்கள் தோணிக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். கடலில் போய்வந்த எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிடாமல் எவரும் அதை மூடிவைப்பதில்லை.

வேன் கழுவவும் நல்ல தண்ணீர் வேண்டும் என்பதை வீட்டுக் கிணற்றில் கழுவுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். மணலுக்கடியில் எங்கள் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்த பிறகு உப்பேறிய கிணறுகளை நீண்ட காலம் இறைத்தும் குடிக்க முடியாமல் கிடந்தோம். கிணற்றுநீர் கரிக்கும் வீட்டில் வேன் கழுவுவது மச்சான் மொழியில் சொன்னால் "உப்பில ஊறப்போடுற வேல".

எல்லா உப்பும் எங்கள் கடலிலிருந்து வந்ததுமில்லை. ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஹொக்கைடோ போன்ற இடங்களில், வீதியில் உறைந்த பனியை உருக்க உப்பும் கல்சியம் குளோரைட்டும் தூவுகிறார்கள். கல்சியம் குளோரைட்டு, மகனீசியக்காரனுக்குச் சளைக்காத தண்ணீர்க் குடியன். அந்த வீதிகளில் பத்து மாரி ஓடிய வேன் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும்போதே உப்புத் தின்றுவிட்டுத்தான் வருகிறது. ஜப்பானிய ஏலத்தாள் கையில் இருந்தால் வாகனப் படத்தில் 'எஸ்' என்ற எழுத்தைத் தேடுங்கள். துருவுக்கு ஜப்பானியச் சொல்லான 'சபி'யின் முதலெழுத்து அது. 'டபிள்யூ' என்றிருந்தால் அந்தப் பலகை ஏற்கெனவே தட்டிப் பூசப்பட்டது.

இதையெல்லாம் மிஞ்சியது மீன் வேன். கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஐஸ் மீன் ஏற்றிய வேனின் தரையில் உருகிய ஐஸும் மீனின் உப்பும் வருடக்கணக்காகச் சொட்டியிருக்கும். பிறகு அதில் ஆசனம் பூட்டி, புது ரெக்சின் விரித்து, எலுமிச்சை வாசனை தொங்கவிட்டு விற்பார்கள். எலுமிச்சை சும்மா தெரிவு செய்யப்பட்டதில்லை என்று நினைக்கிறேன். மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமைன் ஒரு காரம்; எலுமிச்சையின் அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாகி மணம் அடங்கும். மீன் கறிக்குப் புளி விடும் உம்மாவுக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் தொங்கவிட்ட வாசனைப் போத்தலில் வெறும் மணம்தான் இருக்கிறது, அமிலம் இல்லை. மழைநாளில் கதவை மூடிவைத்துத் திறந்தால் மீன் திரும்பி வந்துவிடும். விரிப்பைத் தூக்கித் தரையைப் பார்க்க விடமாட்டேன் என்கிற வேனைப் பார்க்கவே வேண்டாம். வெள்ளத்தில் கிடந்த வாகனத்துக்கும் இதே விதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் நாட்டில் எத்தனையோ வாகனங்கள் முழுகின. சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம்வரை இழுத்துப் பாருங்கள். கழுவ மறந்த சேற்றுக்கோடு அங்கேதான் மிச்சமிருக்கும்.

இனி மச்சானின் மணி மாதிரி எஞ்சினுக்கு வருவோம். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. எல்.எச். 113 டொல்பினிலுள்ள 3எல் எஞ்சின் காற்றை இருபத்திரண்டில் ஒரு பங்காக நசுக்குகிறது; அந்த நசுக்கலில் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு, தெளிக்கும் டீசல் தானாகப் பற்றுகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் காற்று கசியும், சூடு போதாமல் குளிர்ந்த எஞ்சின் எழும்ப மறுக்கும். ஆகவே எஞ்சினைக் குளிரில் பார்க்க வேண்டும். கல்முனையில் எங்கே குளிர்? விடிகாலையிலும் பெரிதாகக் குளிராத ஊரில் தேய்ந்துபோன எஞ்சினும் ஒரே உதறலில் எழும்பிவிடும், நுவரெலியாவில்தான் மானத்தை வாங்கும். கிடைப்பதில் மிகக் குளிர்ந்த நேரம் சுபஹுக்குப் பின் என்பதால் அந்த நேரத்தைக் கேட்டேன். அதையும் காக்கா முன்கூட்டியே சூடாக்கிக் கெடுத்துவிட்டார். இந்த வேன்களில் எஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில். ஆசனத்தைத் தூக்கி மூடியில் கை வைத்தால் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து வாயின்மேல் கவிழ்த்து வையுங்கள். துள்ளி ஆடினால் வளையம் கசிகிறது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது.

இதற்குமேல் எஞ்சினைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. எஞ்சின் போனால் பாவித்த ஜப்பான் எஞ்சின் வாங்கிப் பூட்டலாம், ஒரு கிழமை வேலை. தகரம் போனால் வாங்கிப் பூட்ட வேறு வேன்தான் வேண்டும். ஆவணத்திலும் அப்படி ஒரு முறை: எஞ்சின் இலக்கத்தைவிடச் சேசிஸ் இலக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். அது சுரண்டப்பட்டிருந்தாலோ, சுற்றிலும் ஒட்டுப்போட்ட தடம் இருந்தாலோ திரும்பி நடங்கள். திகதி போடாத ஓப்பன் பேப்பரில் நாலு கை மாறிய வேனும் வேண்டாம். ஆசனத்தைக் கழற்றிக் கட்டில் போடுவதற்கு முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட வேண்டும். பதிவில் எழுதியிருப்பது ஒன்று, வீதியில் ஓடுவது ஒன்று என்றிருந்தால் வழக்கும் காப்புறுதிச் சிக்கலும் கூடவே ஓடும்.

நல்ல வேன் கிடைத்துவிட்டது என்று வைப்போம். உப்புக் கதை அதோடு முடிவதில்லை, வீட்டுக்குள் வருகிறது.

கல்முனையில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஆயிரம் வாட் வீதம், வேன் கூரையின் ஆறு சதுர மீற்றரில் ஆறாயிரம் வாட் கொட்டுகிறது. சோறு சமைக்கும் மின்னடுப்பு ஆறை எரியவிட்டுக் கூரையில் வைத்தது போல. வெள்ளை வேன் அதில் ஏறத்தாழ கால் பங்கை உறிஞ்சும், கறுப்போ கருநீலமோ பத்தில் ஒன்பதை. வெள்ளை வேனை இளக்காரமாகப் பார்க்கும் இளைஞர்களுக்கு இதற்குமேல் நான் என்ன சொல்ல? கூரைக்குக் காப்பு அவசியம். அதில் தவறாமல் எல்லாரும் கேட்பது, சுவருக்கும் ரெஜிபோம் அடைத்துப் பலகை அடிக்கலாமா என்பது.

இரவைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். எங்கள் கரையில் முன்னிரவில் 28 பாகை, சாரீரப்பதன் 80 என்றால் அந்தக் காற்றிலுள்ள நீராவி 24 பாகையில் துளியாகிவிடும். தெளிந்த வானத்தின் கீழ்த் தகரக் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். நாலு பாகை ஒரு பெரிய தூரமில்லை. உள்ளே இருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் அரை லீற்றர் அளவு தண்ணீரை நீராவியாக்குகிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், வெளியே 10 பாகை இருக்கும் இரவில் கண்ணாடியெல்லாம் வடியும். இந்த நீராவி பலகை இடுக்குகளால் நுழைந்து, ரெஜிபோமுக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளியில் போய்த் துளியாகும். அங்கே காற்றோட்டம் இல்லை, ஈரம் காயாது, பழைய உப்பு காத்திருக்கிறது. எவன்ஸின் துளியை நாமே பலகை அடித்து வளர்க்கிறோம். வெளியிலிருந்து பத்து வருடத்தில் வரும் துரு உள்ளிருந்து மூன்று வருடத்தில் வந்துவிடும் என்று ஒரு டிங்கர் பாஸ் சொன்னார். கணக்கு அவருடையது, காரணம் சரி.

ஆகவே என் கட்சி: கூரைக்கு மட்டும், தண்ணீர் ஊறாத மூடிய கண்ணுள்ள நுரைத் தகட்டை இடைவெளியே இல்லாமல் தகரத்தோடு ஒட்டுங்கள். சுவரைச் சும்மா விடுங்கள். துணித்திரை போதும், தூக்கிப் பார்க்கலாம். குளிரூரில் வாழ்கிறவர்களின் சுவர்க் காப்பு நமக்கு வேண்டாத சீதனம். காசு மிஞ்சினால் மின்விசிறி இரண்டு வாங்குங்கள், ஒன்று காற்றை உள்ளே எடுக்க, மற்றது வெளியே தள்ள. கூரையில் துளை வெட்டினால் வெட்டிய விளிம்புக்கு அன்றைக்கே நாகப் பூச்சு. பித்தளை ஆணி வேண்டாம். உப்பு ஈரத்தில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டால் மறுபடி பற்றரிதான், கரைவது இரும்பு.

துரு உயிருக்கும் உலைவைக்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஏசி போட்டுக்கொண்டு எஞ்சின் ஓட ஓடத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தரைத்தகரத்தில் ஓட்டை, புகைக்குழாயிலும் ஓட்டை என்றால் காபன் மொனொக்சைட்டு உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை, ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்குமேல் இறுக்கிப் பிடிக்கும். தூங்குகிறவர் எழும்ப மாட்டார். சமையல் வாயு எதிர்மாதிரி, மணக்கும், ஆனால் காற்றைவிடக் கனமாகையால் தரையில் தேங்கும். 2021 இறுதியில் இலங்கையில் வீடுவீடாக வாயு அடுப்பு விபத்துகள் நடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேனில் அடுப்பை வைக்கிறவர் தரைமட்டத்தில் ஒரு வாயுத்துவாரம் விட வேண்டும், யன்னல் திறந்திருப்பது போதாது. இன்னும் ஒன்று, வேனின் மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போவது பொடித் தகரத்தின் வழியாகத்தான். எர்த் பூட்டிய இடம் துருப்பிடித்தால் மின்விசிறி சோரும், வயர் சுடும். பற்றரியைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டிருப்போம்.

காக்காவின் வேனுக்குத் திரும்புகிறேன். பக்கத் தகரமெல்லாம் காந்தம் ஒழுங்காகப் பிடித்தது. மச்சான் வெற்றிப் புன்னகையோடு நின்றான். பின்சக்கர வளைவின் மேல் வந்ததும் காந்தம் துணியோடு நழுவி மணலில் விழுந்தது. துடைத்து மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. காக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாக் கதவின் கீழ் விளிம்பிலும் தண்ணீர் வடிய இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி ரப்பரைத் தாண்டி உள்ளே போகும் மழைத்தண்ணீர் வெளியேற அதுவே வழி. மண்ணும் பெயின்டும் அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டி. குனிந்து, முன்கதவின் துளைக்குள் ஈர்க்கிலை விட்டுக் குத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. இரண்டாவது குத்தில் அடைப்பு உடைந்து, சிவந்த கபில நிறத்தில் அரைக் கோப்பைத் தண்ணீர் என் காலில் வழிந்தது.

"நேத்துக் கழுவினது தம்பி, அதான்" என்றார் காக்கா.

மச்சான் குனிந்து மணலைப் பார்த்தான். "கழுவின தண்ணி இந்த நிறமா காக்கா?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு, "வந்த நீங்க, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். வந்த பிளேன்டீயும் ஏறத்தாழ அதே நிறம்.